பின்பனிக்காலத்தில் சென்னை வானிலை: அடுத்த ஐந்து நாள் முன்னறிவிப்பை வரி வரியாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"சென்னை மற்றும் புறநகர்ப் பகுதிகளில் வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். அதிகாலை வேளையில் லேசான பனிமூட்டம் காணப்படும். அதிகபட்ச வெப்பநிலை 31-32 டிகிரி செல்சியஸை ஒட்டியும், குறைந்தபட்ச வெப்பநிலை 22-23 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இருக்கக்கூடும்."

தை பாதி தாண்டியதிலிருந்து மாசி முடியும்வரை ஏறக்குறைய இதே மூன்று வரிதான் தினமும் வரும். நவம்பரில் இந்த அறிக்கைக்காக ஊரே காத்திருக்கும். பிப்ரவரியில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீடு சேலையூரில். மாசி பிறந்தால் அம்மா மொட்டைமாடியில் கூழ் வடாம் போடுவார். ஒரு வருடம் அறிக்கையில் மூன்று நாளுக்கும் 'வறண்ட வானிலை' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "மழை இல்லம்மா, ராத்திரி அப்படியே விட்டுடலாம்" என்று சொன்னது நான்தான். முதல் நாள் வெயிலில் பாதி காய்ந்த வடாம், வேட்டியோடு மாடியிலேயே இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் வேட்டியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு துளி மழை பெய்யவில்லை. அத்தனையும் பனி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அறிக்கை தவறாகச் சொல்லவில்லை. 'வறண்ட வானிலை' என்றால் மழை இருக்காது என்பது மட்டும்தான் பொருள். காற்று வறண்டிருக்கும் என்று பொருளே இல்லை. அந்த அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு இருக்கிறது என்பதும், அந்த அளவு தெரிந்தால் மூன்று வரியிலிருந்து ஐந்து நாளைப் படித்துவிடலாம் என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. வானிலை படிக்கப் பழக பின்பனிக்காலத்தைவிட நல்ல பருவம் சென்னையில் கிடையாது. புயலும் இடிமழையும் அபூர்வம். பனி, கடல்காற்று, கிழக்கிலிருந்து எப்போதாவது வரும் மேகம் என்று மூன்றே விஷயங்கள்தான். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகலாம்.

முதல் படி: இந்தப் பருவத்தின் இயல்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

வானிலைத் துறையின் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து பருவமழைக்கு முந்தைய கோடைக்காலம். நம் பழைய கணக்கில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பது இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியதுதான்.

வானிலை நிலையம் இருக்கும் நுங்கம்பாக்கத்தில் பிப்ரவரியின் சராசரி அதிகபட்சம் சுமார் 31 டிகிரி, குறைந்தபட்சம் சுமார் 22 டிகிரி. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் பிப்ரவரியின் பங்கு சில மில்லிமீட்டர்தான். பல ஆண்டுகளில் அந்த மாதம் ஒரு துளிகூட இல்லாமலே போய்விடும்.

இந்த 31-ஐயும் 22-ஐயும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "இயல்பை ஒட்டி இருக்கும்", "இயல்பைவிட 2-3 டிகிரி அதிகமாக இருக்கக்கூடும்" என்று அறிக்கையில் வருவதெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான். குறைந்தபட்சம் 19 என்று பார்த்தால் இரவு தெளிந்த வானம், நிலத்திலிருந்து வரும் காற்று என்று உடனே தோன்ற வேண்டும். 25 என்று பார்த்தால் மேகமும் கடல்காற்றும் இரவைப் போர்த்தியிருக்கின்றன என்று தோன்ற வேண்டும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அது நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய கதை. இன்றைக்கு 18-க்குக் கீழே போனாலே அன்றைய பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: அறிக்கையை எங்கே, எப்போது எடுப்பது

சென்னைக்கான அறிக்கை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து வருகிறது. 1792-இல் மதராஸ் வானாய்வகம் எழுந்த அதே இடம் அது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது. அதில் பொறித்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. இந்த ஊரின் வானத்தை அங்கிருந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்து எழுதிவந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் பெருமையாக இருக்கும்.

மையத்தின் இணையதளத்தில் தமிழிலேயே அறிக்கை கிடைக்கும். ஏழு நாள்வரை முன்னறிவிப்பு இருக்கும். மதியம் வரும் அறிக்கைதான் முழுமையானது. திடீர் மாற்றங்களுக்கு, அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பு தனியாக வரும். வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியிலும் இவை கிடைக்கும். வாரக்கணக்கில் நீளும் போக்கைப் பார்க்க வேண்டுமென்றால், வியாழக்கிழமைகளில் வரும் நீட்டிக்கப்பட்ட கால முன்னறிவிப்பைப் பாருங்கள்.

எப்போதும் அறிக்கையின் தேதியையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் பாதி, இரண்டு நாளுக்கு முந்தையதாக இருக்கும்.

மூன்றாம் படி: சொற்களுக்கு அளவு போடுங்கள்

பலர் வழுக்குவது இங்கேதான். "ஓரிரு இடங்களில் மழை" என்றால் உங்கள் தெருவில் கொஞ்சமாகப் பெய்யும் என்று அர்த்தமில்லை. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவாகலாம் என்று அர்த்தம். 'ஒரு சில இடங்களில்' என்றால் கால்பங்குக்கு மேல், பாதி வரை. 'பல' அல்லது 'அநேக இடங்களில்' என்றால் பாதிக்கு மேல், முக்கால்பங்கு வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். ஆக இந்தச் சொற்கள் மழையின் பரவலைச் சொல்கின்றன, மழையின் வலுவைச் சொல்லவில்லை.

வலுவைச் சொல்ல வேறு சொற்கள் உண்டு. 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை. 64.4 வரை மிதமான மழை. அதைத் தாண்டினால் கனமழை, 115.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. பின்பனியில் நாம் முதல் இரண்டைத்தான் பெரும்பாலும் பார்ப்போம். ஆனால் 'லேசானது முதல் மிதமான' என்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். கல்யாணப் பந்தல் துணி தொய்ந்து இறங்க அது தாராளமாகப் போதும்.

மழை அளவு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணிவரை கணக்கிடப்படுகிறது. திங்கள் காலை 9 மணிக்குப் பெய்த மழை செவ்வாய்க்கிழமைப் பட்டியலில்தான் வரும். "எங்கள் ஊரில் பெய்ததே, பட்டியலில் காணோமே" என்ற குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

நிறங்களில் பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள்.

நான்காம் படி: பனியைக் கணிப்பது

என் அனுபவத்தில் மாசியில் மிகவும் பயன்படுவது இதுதான். வடாம் காயப்போடுபவர்கள் மட்டுமல்ல, அதிகாலையில் ஜிஎஸ்டி சாலையிலோ வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ பைக் ஓட்டுபவர்கள், முதல் விமானத்துக்கு மீனம்பாக்கம் போகிறவர்கள், பால், பேப்பர் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இது வேண்டும்.

தெளிந்த வானம் உள்ள இரவில், பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை வானத்துக்கே திருப்பி விடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். இல்லையென்றால் தரை வேகமாகக் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். சற்று மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். கீழே கனமான குளிர்க்காற்று, மேலே லேசான வெதுவெதுப்பான காற்று. இரண்டும் கலக்காமல் மூடி போட்ட பாத்திரம்போல் நிற்கும். கீழே இருக்கும் ஈரமும் புகையும் தூசியும் அந்த மூடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். போகியன்று காலை ஊரே புகைமூட்டமாக நிற்பதற்கும் இதுதான் காரணம்.

காற்றை எவ்வளவு குளிரவைத்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். செயலிகள் பலவற்றில் இது நேரடியாகவே இருக்கும். இல்லையென்றால் ஓர் எளிய கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 100-லிருந்து எத்தனை சதவீதம் குறைவாக இருக்கிறதோ, அதை 5-ஆல் வகுத்து, வெப்பநிலையிலிருந்து கழித்துவிடுங்கள். மாலை 7 மணிக்கு 27 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25-ஐ 5-ஆல் வகுத்து 5. 27-லிருந்து 5 போனால் பனிநிலை 22. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை ஒரு டிகிரி முன்பின் சரியாக வரும். சென்னையின் மாசி இரவுகளில் அதற்குக் கீழே போவது அபூர்வம்.

இப்போது இந்த எண்ணை அறிக்கையின் குறைந்தபட்ச வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள்.

குறைந்தபட்சம் பனிநிலையைவிட மூன்று டிகிரிக்கு மேல் அதிகமென்றால் பனி பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டு டிகிரிக்குள் வந்தால் தகரக் கூரை, வண்டியின் இருக்கை, மாடியில் காயும் துணி எல்லாம் நனையும். காற்றின் வெப்பநிலையைத் தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், வெள்ளை மரப்பெட்டிக்குள் அளக்கிறார்கள். வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் தகரமும் துணியும் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அதனால்தான் அறிக்கையில் பனிமூட்டம் என்ற பேச்சே இல்லாத நாளிலும் வேட்டி நனைகிறது. குறைந்தபட்சம் பனிநிலைக்குச் சமமாகவோ கீழாகவோ வந்தால், கண்ணை மறைக்கும் பனிமூட்டத்தை எதிர்பார்க்கலாம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காற்று அசையாமல் இருக்க வேண்டும், வானம் தெளிந்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிந்து, வேப்பிலை அசையாமல் இருந்தால் கணக்குப் பலிக்கும். மெல்லிய காற்று தொடர்ந்து வீசினாலே மேலும் கீழும் காற்று கலந்து மூடி உடைந்துவிடும்.

மெரினாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பனி குறைவு. தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கூடுதல். ஏரி ஓரத்துச் சாலைகளில் இன்னும் கூடுதல். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்தில் இரவு ஒன்றிரண்டு டிகிரி குறைவாகப் பதிவாவதைப் பட்டியலில் அடிக்கடி பார்க்கலாம். புறநகரில் இருப்பவர்கள் மீனம்பாக்கம் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்வைத் தூரத்துக்கும் அளவு உண்டு. ஒரு கிலோமீட்டருக்குக் கீழே பார்வை இறங்கினால்தான் முறைப்படி மூடுபனி. 200 மீட்டருக்குக் கீழே என்றால் அடர்ந்த மூடுபனி. நம் ஊரில் 'லேசான பனிமூட்டம்' என்று வருவதில் பெரும்பாலானவை ஒரு கிலோமீட்டருக்கு மேல் பார்வை உள்ளவைதான். பைக் ஓட்டுபவர்களுக்கு என் வேண்டுகோள்: மாசியில் சூரிய உதயம் சுமார் 6.30 மணி. இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையும், அடர்த்தியான பனியும் அதைச் சுற்றித்தான். ஐந்து மணிக்குக் கிளம்பும்போது சாலை தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஆறரையிலிருந்து ஏழரைக்குள்தான் மோசமாகும். எட்டரை, ஒன்பதுக்குள் பெரும்பாலும் கலைந்துவிடும். அவசரமில்லாத பயணத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஐந்தாம் படி: பகல் வெயிலுக்குக் காற்றின் திசையைப் பாருங்கள்

அறிக்கைகளில் வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வரும் காற்று. செயலிகளில் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும். இதை மாற்றிப் படித்தால் எல்லாமே தலைகீழாகிவிடும்.

பிப்ரவரியில் வங்கக் கடலின் மேற்பரப்பு சென்னைக்கு அருகே சுமார் 27 டிகிரியில் இருக்கும். காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கடலைத் தொட்டுத்தான் வருகிறது. அதனால்தான் வெயில் சுள்ளென்று அடித்தாலும் அதிகபட்சம் 31-32-இல் நின்றுவிடுகிறது. மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ தரைக்காற்று வீசினால் இந்தக் காவல் போய்விடும். கடல்காற்று உள்ளே நுழைய முடியாமல் மதியம் ஒன்று, இரண்டு மணிவரை காத்திருக்கும். அதற்குள் வெப்பநிலை 34-ஐத் தொட்டுவிடும். மாசிக் கடைசியில் இப்படி ஓரிரு நாள் வரும்போதுதான் "அதுக்குள்ள வெயில் வந்துடுச்சே" என்று எல்லோரும் சொல்கிறோம்.

ஐந்து நாளுக்கான காற்றுத் திசையை, 'விண்டி' போன்ற வரைபடத்தில் காலை 8.30-க்கும் பகல் 11.30-க்கும் மட்டும் பாருங்கள். தரைமட்டக் காற்றோடு, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக் காற்றையும் பாருங்கள். அதை 850 ஹெக்டோபாஸ்கல் என்று குறித்திருப்பார்கள். கீழேயும் மேலேயும் கிழக்கு என்றால் இதமான பகல். மேலே மேற்காகத் திரும்பியிருந்தால் அறிக்கையின் அதிகபட்சத்தில் மேல் எண்ணையே எடுத்துக்கொண்டு, குடிதண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல்காற்று பெசன்ட் நகருக்கும் பூந்தமல்லிக்கும் ஒரே நேரத்தில் வராது. கரையில் நுழைந்து உள்ளே போக ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். அறிக்கையில் 32 என்றால் கடலோரத்தில் 30, அம்பத்தூர், ஆவடி பக்கம் 33 என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது.

ஆறாம் படி: கிழக்கே பாருங்கள், மழை அங்கிருந்துதான்

பின்பனி மழை அடிக்கடி வருவதில்லை. வரும்போது, எதிர்பார்க்காத நேரம் என்பதாலேயே அதிகம் கெடுக்கும். 2023 ஜனவரி கடைசியில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, பிப்ரவரி தொடக்கத்தில் இலங்கையைக் கடந்தது. டெல்டாவில் அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பா நெல் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது வரும் மழை எவ்வளவு வலிக்கும் என்பதை விவசாயம் பார்க்காதவர்களும் அந்தப் படங்களில் பார்த்தோம். 2022 மார்ச் முதல் வாரத்திலும் தென்மேற்கு வங்கக் கடலில் ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. ஆக, இந்தப் பருவத்திலும் கடலை முழுதாக மறந்துவிட முடியாது.

அறிக்கையின் முதல் பத்தியில், மழைக்கான காரணத்தைச் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக" என்று இருந்தால், கிழக்கிலிருந்து வரும் காற்றோட்டம் ஓரிடத்தில் நெருங்கி மேலெழுகிறது, துண்டு துண்டாக மேகங்கள் கரை தொடும் என்று பொருள். பெரும்பாலும் அதிகாலையிலும் காலையிலும் கடலோரத்தில் பத்து நிமிடச் சாரல்கள். "வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி" என்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை காற்று சுழல்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். குமரிக்கடல், மாலத்தீவு என்று இருந்தால் மழை தென் மாவட்டங்களுக்கு, சென்னைக்கு மேகம் மட்டும். தென்மேற்கு வங்கக் கடலில் இலங்கைக்குக் கிழக்கே இருந்தால் டெல்டாவும் கடலோரமும் கவனிக்க வேண்டும். "காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்ற சொல் வந்துவிட்டால் தினமும் இரண்டு முறை பாருங்கள்.

மீனவர்களுக்கான எச்சரிக்கையைக் கரையில் இருப்பவர்களும் படிப்பது நல்லது. "மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்தில்" காற்று எந்தக் கடல் பகுதிக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மன்னார் வளைகுடாவுக்கு மட்டும் என்றால் ஒரு கதை. வட தமிழகக் கடலோரம் என்று வந்தால் காசிமேட்டில் படகுகள் நிற்கும். மாடியில் பந்தல் போட்டவர்கள் கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்ட வேண்டும்.

மழை நாள் நெருங்கும்போது செயற்கைக்கோள் படமும் ரேடாரும் கைகொடுக்கும். இன்சாட் 3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட் 3டிஎஸ் ஆகியவற்றின் படங்கள் அரைமணிக்கு ஒரு முறை கிடைக்கும். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல், மழை மேகங்களைக் கண்டறியும் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. பள்ளிக்கரணையில் இன்னொன்றும் இருக்கிறது. ரேடார் படத்தில் இந்தப் பருவத்துக்கே உரிய இரண்டு விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள். கிழக்குக் காற்றில் வரும் சாரல் மேகங்கள் உயரம் குறைந்தவை. பூமியின் வளைவால் ரேடார் கதிர் 200 கிலோமீட்டர் தூரத்தில் தரையிலிருந்து மிக உயரத்தில் போகிறது. அந்தக் குட்டை மேகங்களை அது தொடாது. எனவே கடல் காலியாகத் தெரிந்தாலும், அரைமணியில் திடீரென்று பச்சைப் புள்ளிகள் முளைக்கும். இதற்கு நேர்மாறாக, பனி மூடிய தெளிந்த காலைகளில் கடல்மேல் ஏதோ மழை நிற்பதுபோல் படத்தில் தெரியும். நான்காம் படியில் சொன்ன அந்த மூடிதான் ரேடார் கதிரைக் கீழ்நோக்கி வளைத்து, கடல் மேற்பரப்பையே எதிரொலிக்க வைக்கிறது. அடுத்தடுத்த படங்களில் அந்தப் புள்ளிகள் நகராமல் அதே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் அது மழை இல்லை.

ஏழாம் படி: எந்த நாளை எவ்வளவு நம்புவது

முதல் இரண்டு நாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம், நான்காம் நாளில் வெப்பநிலையை நம்பலாம், மழை நேரத்தை நம்ப வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு போக்கு மட்டும்தான்: மழை பக்கம் சாய்கிறதா, வறட்சி பக்கம் சாய்கிறதா என்று.

வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி மாதிரிகளைப் பார்ப்பவர்கள் ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். ஒன்று சென்னைக்கு 30 மில்லிமீட்டர், இன்னொன்று பூஜ்யம் என்று காட்டினால், சராசரி எடுத்து 15 என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். இன்னும் முடிவாகவில்லை என்பதே அதன் செய்தி. மறுநாள் மறுபடி பாருங்கள். காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடும் கணக்கு மதியத்துக்குப் பிறகு கிடைக்கும். மீனம்பாக்கத்திலிருந்து தினமும் காலையும் மாலையும் பலூன் விட்டு எடுக்கும் மேல்காற்று அளவுகளும் இந்தக் கணக்குகளுக்குள் போகின்றன. நம் ஊர் ஆட்களின் உழைப்பு அந்த உலக வரைபடங்களில் கலந்திருக்கிறது.

செயலியில் ஒரே ஒரு மேகப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

பழைய நோட்டு ஒன்று போதும். இரவு பத்து மணிக்கு மூன்று விஷயம் எழுதுங்கள்: பனிநிலை, அறிக்கையின் குறைந்தபட்சம், காற்று அசைகிறதா. காலை ஏழுக்கு ஒரே வார்த்தை: நனைந்தது, நனையவில்லை, மூட்டம். பத்து நாளில் உங்கள் மாடிக்கென்று ஒரு கணக்கு வந்துவிடும். எங்கள் மாடியில் இரண்டு டிகிரி இடைவெளி இருந்தாலே துணி நனைகிறது. பக்கத்துத் தெருவில் மாமரத்தடியில் இருக்கும் சித்தி வீட்டில் அதே இரவில் நனைவதில்லை. மரம் மேகத்தின் வேலையைச் செய்கிறது.

ஒன்பதாம் படி: எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வாரத்தைப் படிப்போம்

பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு மாதிரி அறிக்கை:

"தென்மேற்கு வங்கக் கடலை ஒட்டிய இலங்கைக் கடலோரப் பகுதிகளின் மேல் ஒரு வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி வெள்ளியன்று உருவாகக்கூடும். புதன், வியாழன்: தமிழகம், புதுவை, காரைக்கால் பகுதிகளில் வறண்ட வானிலை. வெள்ளி: தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை, ஏனைய பகுதிகளில் வறண்ட வானிலை. சனி: கடலோரத் தமிழகத்தில் ஒரு சில இடங்களிலும், உள் தமிழகத்தில் ஓரிரு இடங்களிலும் லேசானது முதல் மிதமான மழை. ஞாயிறு: தமிழகத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை. சென்னையில் குறைந்தபட்சம் புதன், வியாழனில் 21, வெள்ளி முதல் 24 டிகிரியை ஒட்டி."

செவ்வாய் இரவு உட்கார்ந்து இதைப் படிக்கிறோம். மாலை 7 மணிக்கு வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4, பனிநிலை 22. நாளை குறைந்தபட்சம் 21. பனிநிலைக்குக் கீழே. வேப்பிலை அசையவில்லை. புதன் காலை தாம்பரம் பக்கம் நல்ல மூட்டம் இருக்கும். மகள் ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பட்டும். வடாம் போடலாம், நல்ல வெயில் கிடைக்கும். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும், காலை ஒன்பதுக்குப் பிறகு மறுபடி விரிக்க வேண்டும். வியாழனும் அப்படியே.

வெள்ளியன்று சென்னைக்கு மழை இல்லை. ஆனால் குறைந்தபட்சம் 21-லிருந்து 24-க்குத் தாவுகிறது. மூன்று டிகிரி ஏறுகிறதென்றால் இரவில் மேகம் வந்துவிட்டது. கிழக்குக் காற்று ஈரத்தோடு வீசத் தொடங்கிவிட்டது. வெள்ளி காலை பனி இருக்காது. கடல் தன் வேலையைத் தொடங்கிவிட்டதற்கு முதல் அடையாளம் அதுதான். பாதி காய்ந்த வடாமுக்கு வெள்ளி முழு வெயில் கிடைக்குமா என்பது சந்தேகம். எனவே புதன் போட்டதை வியாழனுக்குள் காயவைத்து முடித்துவிட வேண்டும், வியாழன் புதிதாகக் கூழ் கிளற வேண்டாம்.

சனிக்கிழமை கடலோரத்தில் 'ஒரு சில இடங்கள்' என்பதால் பாதி நிலையங்கள் வரை நனையலாம். நான்காம் நாள் என்பதால் நேரத்தை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அன்று மாடியில் வளைகாப்பு வைத்திருப்பவர்கள் வெள்ளி மதிய அறிக்கை வரும்வரை பந்தல்காரரிடம் தகர ஷீட்டா துணியா என்பதை முடிவு செய்யாமல் வைத்திருக்கலாம். வெள்ளி மதியம் சுழற்சி இலங்கையை ஒட்டியே நின்றால் துணி போதும். வடக்கே நகர்ந்து 'வட கடலோரம்' என்ற சொல் வந்துவிட்டால் ஷீட் சொல்லிவிடுங்கள். சனி அதிகாலை நான்கு மணிக்கு எழுபவர்கள் ரேடாரை ஒரு முறை பாருங்கள். நகரும் புள்ளியா, நடுங்கும் புள்ளியா என்று.

ஞாயிறு ஐந்தாம் நாள். 'ஓரிரு இடங்கள்', 'லேசான' என்று இரண்டு சொல்லும் இறங்கியிருக்கின்றன. மழை விலகும் பக்கம் போக்கு சாய்கிறது. சனி இரவு மறுபடி பத்து மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால், ஈரமான தரையும் தெளிந்த வானமும் சேர்ந்து ஞாயிறு காலை இந்த வாரத்திலேயே கனமான பனியாக இருக்கும். வேட்டியை மாடியில் விடாதீர்கள்.